மாரியில் வெளிச்சத்தையும் எண்ணிச் செலவழிப்போம்

எங்கள் வீடு எங்கள் கையில் – மாதாந்தப் பகுதி



ஐப்பசி பிறந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஆடி மாதம் இரவு பத்து மணிவரை எரிந்த சோலார் விளக்கு இப்போது எட்டு மணிக்கே அணைந்துவிடுகிறது. பனல் பழுதா, பற்றரி பழுதா, புதிது வாங்க வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள். ஆகையால் இம்மாதம் பேசுவதாகச் சொன்ன தையல் இயந்திரத்தை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டுச் சோலாரை மாரியில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசுவோம்.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் பனலும் பழுதில்லை, பற்றரியும் பழுதில்லை. மாரி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மாரியிலும் கோடையில் பாவித்தது போலவே பாவித்துக்கொண்டிருந்தால், தை பிறப்பதற்குள் பற்றரி உண்மையாகவே பழுதாகிவிடும். பிறகு பல ஆயிரம் ரூபாவுக்குக் கடன்பட வேண்டிவரும். அந்தக் கடன் எங்கள் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஜாம் போத்தல் விளக்கை மறந்திருக்க மாட்டோம். 1990இன் பின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அருமையாகிப்போன காலத்தில், போத்தலுக்குள் சொட்டு எண்ணெயும் ஒரு திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் படித்தோம், சமைத்தோம், பிள்ளை பெற்றோம். அந்த மாதிரிப் போத்தல் விளக்குகள் தட்டுப்பட்டு விழுந்து எரிகாயப்பட்டவர்கள் நாடு முழுவதும் ஏராளம். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைற் போத்தலின் வடிவத்தைப் பார்த்து, எளிதில் கவிழாத குட்டையான விளக்கொன்றை உருவாக்கினார். அதற்காக 1998இல் அவருக்கு ரொலெக்ஸ் விருதும் கிடைத்தது. எண்ணெய் விளக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவே சாட்சி. அது இப்போது மலிவானதும் இல்லை. 2022 ஆவணியில் ஒரே நாளில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை நாங்கள் கண்டோம். ஆகவே கையில் இருக்கும் சோலாரைக் காப்பாற்றுவதுதான் புத்தி.

மாரியில் என்ன நடக்கிறது?

பகல் குறுகுவதால்தான் சார்ஜ் குறைகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஆனி மாதப் பகல் பன்னிரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல், மார்கழிப் பகல் ஏறக்குறைய பதினொன்றரை. ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். உண்மையான காரணம் முகில். நல்ல வெயிலில் பனல் தருவதில் மூன்றில் ஒரு பங்குதான் மூடிய வானத்தில் கிடைக்கும். நாள் முழுவதும் அடைமழை என்றால் பத்தில் ஒரு பங்கு கிடைப்பதே பெரிய காரியம்.

இரண்டாவது காரணம் சூரியன் போகும் பாதை. ஆடியில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நண்பகற் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் அது உச்சியில் இருந்து ஏறக்குறைய 33 பாகை தெற்கே சரிந்துவிடும். அப்போது 30 அடி உயரமான தென்னையின் நிழல் நட்ட நடு மத்தியானத்திலும் 19, 20 அடி தூரம் வடக்கே விழும். கோடையில் நிழலே படாத பனலில் மாரியில் நிழல் படுவது இதனால்தான். வளவின் தெற்குப் பக்கத்தில் நிற்கும் முருங்கையையும் பூவரசையும் மாரிக்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

வரவும் செலவும்

வாற்று, அம்பியர் என்ற கணக்குகளைக் கேட்டதும் பல சகோதரிகள் "அது ஆம்பிளையளின்ர வேலை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஐயாயிரம் ரூபாவில் மாதத்தை ஓட்டத் தெரிந்தவளுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிதல்ல. இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு வாற்று விளக்கு ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஒரு ரூபா செலவு. ஐந்து வாற்று விளக்கு நான்கு மணித்தியாலம் எரிந்தால் இருபது ரூபா. வாற்று எவ்வளவு என்பது விளக்கிலேயே எழுதியிருக்கும்.

இனி வரவைப் பார்ப்போம். 50 வாற்றுப் பனல் ஒன்று நல்ல வெயில் நாளில், சேதாரம் போக, ஏறக்குறைய 150 ரூபாவைப் பற்றரியில் சேர்க்கும். மூடிய வானத்தில் 50 ரூபா. அடைமழையில் 15 ரூபா.

கோடையில் ஒரு வீட்டின் செலவு இது. ஐந்து வாற்று விளக்கு மூன்று, நான்கு மணித்தியாலம்: 60. சிறிய தொலைக்காட்சி 20 வாற்று, மூன்று மணித்தியாலம்: 60. வானொலி 15. கைத்தொலைபேசிகளுக்கு 20. மொத்தம் 155. வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி.

இதே செலவை மாரியிலும் செய்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாவுக்கு மேல் துண்டுவிழும். அந்த நூறையும் பற்றரி தன் கைமுதலில் இருந்து கொடுக்கும். 12 வோல்ற், 40 அம்பியர் மணிப் பற்றரியின் கைமுதல் 480 ரூபா. அதில் பாதியைத்தான் நாங்கள் தொடலாம். அதாவது 240. ஆகவே இரண்டே நாளில் அனுமதித்தது முடிந்துவிடும். மூன்றாம் நாள் முதல் நாங்கள் செலவழிப்பது பற்றரியின் ஆயுளை.

மாரிக்கு நான் சொல்லும் வரவு செலவு இது:

பிள்ளை படிக்க ஐந்து வாற்று விளக்கு, மூன்று மணித்தியாலம் – 15.
அடுப்படிக்கு மூன்று வாற்று விளக்கு, இரண்டு மணித்தியாலம் – 6.
இரவு முழுக்க வெளியில் எரிய ஒரு வாற்று விளக்கு, பத்து மணித்தியாலம் – 10.
செய்தி கேட்க வானொலி, ஒரு மணித்தியாலம் – 3.
பட்டன் போன் ஒன்று – 5.
பெரிய போனுக்கு 20 வேண்டும். ஒன்றைவிட்ட ஒரு நாள் ஏற்றினால், நாளுக்கு – 10.

மொத்தம் 49. மூடிய வானத்து வரவுக்குள் அடங்கிவிடும். தொலைக்காட்சி தைக்குப் பிறகு பார்க்கலாம்.

இதில் வெளி விளக்கைப் பற்றி ஒரு சொல். "சிக்கனம் என்றால் முதலில் முற்றத்து லைற்றை நிப்பாட்ட வேணும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆண் துணை இல்லாமல் பிள்ளைகளோடு படுக்கும் வீட்டில் அந்த விளக்கு ஆடம்பரம் அல்ல. அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். ஐந்து வாற்று விளக்கைக் கழற்றிவிட்டு ஒரு வாற்று எல்.ஈ.டி. விளக்கைப் போடுங்கள். இரவுக்கு 50 ரூபா செலவு 10 ஆகக் குறையும். வாசலில் ஆள் நிற்பது தெரிய அந்த வெளிச்சம் போதும்.

இன்னொன்று. மழை விட்டுப் பளிச்சென்று வெயில் எறிக்கும் நேரங்கள் மாரியிலும் வரும். கழுவிக் குளிர்ந்த பனல் அந்த நேரத்தில் கோடையின் கொதிவெயிலில் தருவதைவிட நன்றாகவே தரும். போன், ரோச் லைற் எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். பகலில் ஏற்றினால் பனலில் இருந்து நேரே போகும். இரவில் ஏற்றினால் பற்றரியின் கைமுதலில்தான் கைவைக்க வேண்டும்.

பற்றரிக்கு என்ன வேண்டும்?

பற்றரிக்குள் ஈயத் தகடுகளும் அசிட் கலந்த நீரும் இருக்கின்றன. சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் வெள்ளைப் படலம் படியும். உடனே திரும்ப ஏற்றினால் அது கரைந்துவிடும். சார்ஜ் இறங்கியபடி நாட்கணக்கில் கிடந்தால் இறுகிக் கல்லாகிவிடும். பிறகு எந்த வெயிலாலும் அதைக் கரைக்க முடியாது. மாரியில் பற்றரி சாகும் விதம் இதுதான். பாதிக்குக் கீழே இறங்காமல் பாவித்தால் மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும் பற்றரி, அடிமட்டம் வரை இறக்கினால் ஒன்றிரண்டு வருடத்திலேயே போய்விடும்.

அளந்து பார்க்க ஒரு மல்ரிமீற்றர் போதும். விடியற்காலையில், வெயில் எழுமுன், எல்லா விளக்குகளும் அணைந்திருக்கும்போது அளக்க வேண்டும். 12.7 வோல்ற் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசி. 11.8 என்றால் பற்றரி வெறுமை. 12.2 காட்டினால் அன்று இரவு ஒரு விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியில் திகதியையும் இலக்கத்தையும் எழுதி வாருங்கள். அந்தக் கொப்பி கையில் இருந்தால் எவரும் உங்களை ஏமாற்ற முடியாது.

மூடி திறக்கும் பற்றரியாக இருந்தால் மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பாருங்கள். கடையில் பற்றரித் தண்ணீர் என்று விற்கும் வடித்த நீரையே விட வேண்டும். கிணற்று நீர் வேண்டாம். எங்கள் கிணறுகளின் சுண்ணாம்புத் தண்ணீர் தகட்டைக் கெடுத்துவிடும். மழைநீரும் வேண்டாம், கூரையிலும் தகரத்திலும் உள்ளதெல்லாம் அதோடு வரும். தகடு வெளியே தெரிந்தால் முதலில் தகடு மூடும் அளவுக்கு மட்டும் விடுங்கள். மிச்சத்தைச் சார்ஜ் நிறைந்தபின் குறியிட்ட மட்டம் வரை விடுங்கள். அசிட் ஒருபோதும் விடக்கூடாது. மூடியே இல்லாத பற்றரியைத் திறக்க முயலாதீர்கள்.

பற்றரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அது சார்ஜ் போகும் வழியை அடைக்கிறது என்று பொருள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பற்றரிக்குள் ஒரு துளியும் போகக்கூடாது. காய்ந்தபின் வயரை இறுக்கி, மேலே வசலின் பூசிவிடுங்கள். இந்த வேலைக்கு முன் காப்பு, மோதிரம், நீண்ட சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் காப்பு முட்டினால் சிவக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். சார்ஜ் ஏறும் பற்றரியில் இருந்து தீப்பற்றும் வாயு வரும். ஆகையால் பக்கத்தில் அடுப்போ குத்துவிளக்கோ நுளம்புத்திரியோ வேண்டாம். காற்றோட்டமும் வேண்டும். அசிட் தோலிற் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணிற் பட்டால் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு வீட்டில் கண்டது

2024 கார்த்திகைத் தொடக்கத்தில் வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குப் போயிருந்தேன். 2009இல் காணாமற்போன கணவரை இன்றும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு சகோதரி, இரண்டு பெண் பிள்ளைகளோடு அங்கே இருக்கிறார். மூத்தவளுக்கு அந்த மாதக் கடைசியில் உயர்தரப் பரீட்சை.

"அக்கா, மூண்டு நாளாய் ஏழரைக்கே லைற் நிண்டு போகுது. திருத்திறவர் வந்து பாத்திட்டு, பற்றரியும் சரியில்லை, பனலும் சரியில்லை, ரெண்டையும் மாத்த வேணுமெண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். குழுக்கடன் எடுக்க அடையாள அட்டைக் கொப்பியும் குடுத்திட்டன்" என்றார்.

"கையெழுத்து வைச்சிட்டீங்களோ, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா. வெள்ளிக்கிழமைதான் வரச் சொன்னவை."

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு முதல் நாங்கள் ஒருக்கால் பாப்பம்."

பார்த்தோம். விடியப்புறம் அளந்தபோது பற்றரி 11.9 காட்டியது. முனை ஒன்றில் உப்புப் போலப் பூத்திருந்தது. தெற்கே நின்ற முருங்கை பத்து மணியில் இருந்து இரண்டு மணிவரை பனலின் ஒரு மூலையை மூடியது. இரவில் தொலைக்காட்சி ஓடியது. வேறு ஒரு பழுதும் இல்லை. அவரும் மூத்தவளும் முருங்கையை வெட்டினார்கள். இலையைச் சுண்டினார்கள், காயை அயலுக்குக் கொடுத்தார்கள். முனையைக் கழுவினோம். ஒரு கிழமைக்குப் படிக்கும் விளக்கைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார்கள். இடையில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலும் எறித்தது. எட்டாம் நாள் பற்றரி 12.5 காட்டியது. வெள்ளிக்கிழமை அவர் கடன் எடுக்கப் போகவில்லை.

அந்த மாதக் கடைசியில் வந்த மழை வெள்ளத்தால் பரீட்சை சில நாட்கள் நிறுத்தப்பட்டு, பின் மார்கழியில் தொடர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்கள் முழுவதும் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது.

திருத்த வருபவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "மாத்த வேணும்" என்று சொன்னால், "ஏன், அளந்து காட்டுங்கோ" என்று கேளுங்கள். அவர் வரும் நேரத்தில் அயலில் ஒருவரை வந்திருக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்தால் துண்டு எழுதி வாங்குங்கள். உண்மையில் பற்றரி மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதை வளவுக்குள் எறியாதீர்கள், உடைத்து ஈயம் உருக்கவும் விடாதீர்கள். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புதியது வாங்கும் கடையில் பழையதற்கு விலை கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பனலைப் பார்ப்பது

பனலுக்குள் சிறுசிறு கலங்கள் சங்கிலி போலத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கண்ணி அடைபட்டால் சங்கிலி முழுவதும் இளைக்கும். ஆகையால் ஒட்டிக்கிடக்கும் ஒரு பலாவிலை, காகத்தின் ஒரு எச்சம் கூட அதன் அளவுக்கு மேலான சேதத்தைச் செய்யும். மழையே கழுவிவிடும் என்பது பாதி உண்மை. தூசியைக் கழுவும், எச்சத்தையும் பாசியையும் கழுவாது.

காலையில் அல்லது பின்னேரத்தில், பனல் குளிர்ந்திருக்கும்போது, நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம். பொச்சு, சாம்பல், சட்டி மினுக்கும் தூள் எதுவும் ஆகாது, கீறல் விழும். கிணற்று நீர் பாவித்தால் காயுமுன் உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக் கறை படியும். பனலைத் துடைக்க மாத்திரம் மழைநீர் மிக நல்லது.

கூரை ஈரமாக இருக்கும்போது ஏறவே வேண்டாம். சீற் உடைந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்களின் கதை எங்கள் ஊர்களில் உண்டு. நீண்ட தடியில் துணியைக் கட்டி ஏணியில் நின்றபடியே துடைக்கலாம். ஏணியைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும்.

பனல் தெற்கு நோக்கிச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். மூன்று அடி நீளப் பனலுக்கு மேல் விளிம்பு ஏழெட்டு அங்குலம் உயர்ந்திருந்தால் போதும். தட்டையாக வைத்தால் மழைநீர் தேங்கிக் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும். பின்புறத்தில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் கை வைக்குமுன் பாருங்கள்.

வயரும் கொன்ரோலரும்

பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருக்கும் சிறு பெட்டிதான் கொன்ரோலர். பற்றரி நிறைந்தால் வரவை நிறுத்தும், மிகவும் இறங்கினால் செலவை நிறுத்தும். அது சிவப்பு விளக்குக் காட்டி வெளிச்சத்தை நிறுத்தும்போது சிலர் கோபத்தில் விளக்கு வயரை நேரே பற்றரியில் கொழுவி விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பெட்டி உங்கள் கடனைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

எதையாவது கழற்ற வேண்டி வந்தால் முதலில் பனல் வயர், பிறகு பற்றரி வயர். திரும்பப் பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். இந்த ஒழுங்கை மாற்றினால் கொன்ரோலர் எரிந்துபோகக்கூடும். பியூஸ் போனால் அதே அளவு பியூஸையே போடுங்கள். செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாக வீடு எரியும். கூரையில் இருந்து வரும் வயர் சுவருக்குள் நுழையுமுன் கீழே ஒருமுறை வளைந்து தொங்க வேண்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. எலி கடித்த இடம், கறல் பிடித்த ஆணி, ரேப் கழன்ற மூட்டு மூன்றையும் மாரிக்கு முன் தேடிப் பாருங்கள்.

இடி, புயல், வெள்ளம்

ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில் இடி வரும். வானம் கறுக்கத் தொடங்கும்போதே பனல் வயரைக் கொன்ரோலரில் இருந்து கழற்றிவிடுங்கள், பனலுக்குச் சுவிச் இருந்தால் அதை நிறுத்தினால் போதும். இடி தொடங்கிய பிறகு எந்த வயரையும் தொட வேண்டாம்.

2020 மார்கழியில் புரெவிப் புயலும் 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வாப் புயலும் வந்துபோன நாடு இது. பனலின் ஆணிகளைப் புரட்டாதியிலேயே இறுக்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால், காற்று எழுமுன், இரண்டு பேர் சேர்ந்து சிறிய பனலைக் கழற்றிப் பழைய சீலையில் சுற்றி வீட்டுக்குள் வைக்கலாம். பற்றரியைத் தரையில் வைக்காமல் மூன்றடி உயரத் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். சரித்தால் அசிட் ஒழுகும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கும் அந்தப் பைக்குள் சார்ஜ் ஏற்றிய ரோச் லைற் ஒன்றையும் வையுங்கள். அந்தப் பையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மின்கம்பத்தோடு இணைத்த சோலார் உள்ளவர்களுக்கு

2016இன் பின் கூரையில் பெரிய பனல்கள் பூட்டி, மீற்றர் வழியாக மின்சாரத்தை வெளியே விற்பவர்களும் எங்களில் இருக்கிறார்கள். "கரண்ட் நிண்டா எங்கட சோலாரும் நிண்டு போகுது, ஏன்?" என்பது அவர்களின் கேள்வி. 2025 மாசி 9ஆம் திகதி, நல்ல பகல் வெயிலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். அன்று அத்தகைய கூரைகளும் வேலை செய்யவில்லை. அது பழுதல்ல. கம்பியைத் திருத்த ஏறுபவரை உங்கள் வீட்டு மின்சாரம் கொன்றுவிடக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியோடு கூடிய இன்வேட்டர் வேண்டும்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வெளியே போகும் மின்சாரம் குறைந்து துண்டில் வரும் தொகையும் குறையும். பயப்பட வேண்டாம். பனல்களுக்காகக் கடன் கட்டுபவர்கள் இந்த இரண்டு மாதத் தவணைக்கு ஆடி, ஆவணி வருமானத்தில் சிறிது ஒதுக்கி வையுங்கள். இந்தப் பெரிய பனல்களின் வயரை நீங்களாகத் தொடவே கூடாது. சுவிச்சை நிறுத்தினாலும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை கூரையில் இருந்து வரும் வயரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருக்கும். வெள்ளம் இன்வேட்டர் வரை ஏறினால் விலகி நின்று, பூட்டித் தந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

சங்கமாகச் சேர்ந்தால்

மல்ரிமீற்றர் ஒன்று வாங்க ஒரு வீட்டுக்குப் பாரமாக இருக்கலாம். உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, ஊருக்கு ஒரு மீற்றர், ஒரு போத்தல் பற்றரித் தண்ணீர், ஒரு நல்ல ஏணி என்று பொதுவில் வாங்கிவையுங்கள். அளக்கத் தெரிந்த ஒருவர் ஐந்து பேருக்குக் காட்டிக் கொடுத்தால், அடுத்த மாரிக்கு ஊர் முழுவதும் தெரிந்துவிடும். கண் தெரியாத, கால் இழந்த சகோதரிகளின் வீடுகளுக்கு முதலில் போங்கள். பற்றரியைத் தூக்கி வைப்பதும் ஏணி பிடிப்பதும் அவர்களால் தனியே செய்யக்கூடிய வேலைகள் அல்ல.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை நான்கு. தெற்குப் பக்க மரங்களைப் பாருங்கள். பற்றரி முனைகளைப் பாருங்கள். விடியப்புறம் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதுங்கள். உங்கள் வீட்டுச் செலவை மேலே சொன்ன ரூபாக் கணக்கில் கூட்டிப் பாருங்கள். கூட்டு ஐம்பதைத் தாண்டினால் எதைக் குறைப்பது என்று பிள்ளைகளோடு இருந்து பேசுங்கள். பிள்ளைகள் எங்களைவிட விரைவாகக் கணக்குப் பிடித்துவிடுவார்கள்.

சந்தேகம் இருந்தால் பனலின் வாற்று, பற்றரியின் அம்பியர், விடியப்புறம் அளந்த இலக்கம் மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் தையல் இயந்திரத்தோடு சந்திப்போம்.